ரத்ததானம்: தேவை வருமுன்பே கொடுக்க வேண்டிய ஒன்று

விபத்தில் அடிபட்ட ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. மருத்துவர் ரத்தம் கேட்கிறார். சில நிமிடங்களில் குளிர்ந்த பைகள் வந்துசேர்கின்றன. அந்தப் பைகளில் இருப்பதை அன்றைக்கு யாரும் ஓடிவந்து கொடுக்கவில்லை. ஒரு வாரம் முன்போ, மூன்று வாரம் முன்போ, யாருக்குப் போகப்போகிறது என்று தெரியாமலேயே ஒருவர் வந்து கொடுத்துவிட்டுப் போன ரத்தம் அது.

ரத்ததானம் என்றதும் நம் மனதில் வருவது வேறு காட்சி. நள்ளிரவில் ஒரு போன் வரும். இந்த குரூப் ரத்தம் உடனே வேண்டும் என்று செய்தி பரவும். நாலு பேர் அலறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவார்கள். அந்த நல்ல மனதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உடம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை அப்படியே இன்னொருவருக்கு ஏற்றிவிட முடியாது. குரூப்பைச் சரிபார்க்க வேண்டும், நோய்த்தொற்று இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், கூறுகளாகப் பிரிக்க வேண்டும், பெறுபவரின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மணிக்கணக்கில் ஆகும். ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. அந்த நேரத்தில் ஓடிப்போய்க் கொடுப்பது தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவது போலத்தான். பெரும்பாலும் அது அலமாரியில் காலியான இடத்தை நிரப்பத்தான் உதவும். உயிரைக் காப்பாற்றுவது ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் ரத்தம். ரத்ததானத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், இது நிற்கட்டும்.

ரத்தத்துக்கு மாற்று ஏன் இல்லை

வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 70 மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் பாதிக்குச் சற்று மேல் பிளாஸ்மா என்னும் திரவம். மீதி கிட்டத்தட்ட முழுவதும் சிவப்பணுக்கள். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் அளவில் கொஞ்சம்தான். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சிவப்பணு. ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் முதலில் போய் ஒட்டி அடைப்பது தட்டணு. பிளேட்லெட் என்று மருத்துவமனைகளில் காதில் விழுவது இதுதான். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களும் நோயை எதிர்க்கும் புரதங்களும் பிளாஸ்மாவில் கலந்திருக்கின்றன.

ரத்தம் நிறையப் போய்விட்டால் உப்புநீர் ஏற்றி அளவை ஈடுகட்டலாம். கொஞ்ச நேரம் ரத்த அழுத்தம் தாங்கும், அவ்வளவுதான். உப்புநீரால் சிவப்பணுவின் வேலையைச் செய்ய முடியாது, தட்டணுவின் வேலையையும் செய்ய முடியாது. மொத்த ரத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்தவரை ரத்தம் ஏற்றாமல் பிழைக்க வைப்பது மிகக் கடினம்.

செயற்கை ரத்தத்துக்கான முயற்சி பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 2022-இல் பிரிட்டனில், ஸ்டெம் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த சிவப்பணுக்களை இன்னொரு மனிதருக்கு முதன்முறையாக ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றியது ஓரிரு தேக்கரண்டி அளவு. அது பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் மருத்துவமனைகளுக்கு வேண்டிய அளவில் அப்படித் தயாரிக்கும் காலம் இன்னும் வரவில்லை. அதுவரை ரத்தம் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று: இன்னொரு மனிதரின் கை நரம்பு.

அந்தப் பைகள் எங்கே போகின்றன

விபத்துதான் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வரும். ஆனால் ரத்த வங்கியிலிருந்து பைகள் நாள்தோறும் போகும் இடங்களைப் பார்த்தால் பிரசவ அறை, குழந்தைகள் பிரிவு, புற்றுநோய்ப் பிரிவு, அறுவை அரங்கம் என்று பட்டியல் நீளும்.

பிரசவத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பையின் தசைகள் இறுகிச் சுருங்கி, திறந்திருக்கும் ரத்தக்குழாய்களை நெரித்து மூட வேண்டும். சில தாய்மார்களுக்கு அந்தத் தசைகள் இறுகுவதில்லை. அப்போது என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன கணக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம்: உடம்பில் இருப்பது 5 லிட்டர்தான். உலகம் முழுவதும் பிரசவத்தை ஒட்டித் தாய்மார் இறப்பதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்த ரத்தப்போக்கு. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. பத்து மாதமும் எந்தச் சிக்கலும் இல்லாமல் இருந்தவருக்கும் வரும். மருந்து, மசாஜ், அறுவை சிகிச்சை என்று மருத்துவர்கள் போராடும் அந்த நேரத்தில், போன ரத்தத்தை ஈடுகட்ட அதே கட்டடத்தில் ரத்தம் இருந்தாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு தேவையும் உண்டு. அதில் பரபரப்பே இருக்காது. சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினைச் சரியாக உருவாக்க முடியாத மரபுக் குறைபாட்டுக்குத் தலசீமியா என்று பெயர். கடுமையான வகை தலசீமியா உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்ளேயே ரத்தம் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். அதன்பின் இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, வாழ்க்கை முழுவதும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்குப் பதினேழு தடவை. அந்தக் குழந்தை பள்ளிக்குப் போவதும் விளையாடுவதும் உயரமாவதும் அடுத்த பை தேதி தவறாமல் கிடைப்பதைப் பொறுத்தது. தேதி முன்பே தெரியும், குரூப் முன்பே தெரியும். ஆனாலும் இதற்காக யாரும் நள்ளிரவில் செய்தி அனுப்புவதில்லை. தவறாமல், சத்தமில்லாமல் வந்துபோகும் கொடையாளர்களை நம்பித்தான் இந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

புற்றுநோய்க்குத் தரும் கீமோதெரபி மருந்துகள் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். மஜ்ஜைதான் ரத்த அணுக்கள் உருவாகும் இடம் என்பதால், சிகிச்சையின்போது தட்டணுக்கள் சரிந்து, அடிபடாமலேயே உடம்புக்குள் ரத்தம் கசியும் நிலை வரலாம். அப்போது தட்டணு ஏற்ற வேண்டும். தீக்காயம் பட்டவர்கள், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய் உள்ளவர்கள், பிறவியிலேயே நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள் ஆகியோருக்கான மருந்துகள் பல பிளாஸ்மாவிலிருந்து தயாராகின்றன.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 11 கோடியே 85 லட்சம் தடவை ரத்ததானம் நடப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 40 சதவீதம் வருமானம் அதிகமுள்ள நாடுகளில் நடக்கிறது. உலக மக்களில் அங்கே வாழ்பவர்கள் 16 சதவீதம் மட்டுமே. பெறுபவர்களிலும் இதே வித்தியாசம் தெரிகிறது. பணக்கார நாடுகளில் ஏற்றப்படும் ரத்தம் அதிகமும் 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் போகிறது. ஏழை நாடுகளில் பாதி அளவுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் போகிறது. ரத்தம் எங்கே அதிகம் பற்றாக்குறையோ, அங்கே அதற்காகக் காத்திருப்பவர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகள்.

ஒரு பைக்குள் மூன்று

நீங்கள் கொடுக்கும் ரத்தம் பெரும்பாலும் அப்படியே யாருக்கும் ஏற்றப்படுவதில்லை. ரத்தம் எடுக்கும் பையோடு காலியான சிறு பைகள் குழாய் வழியே இணைந்திருக்கும். அந்தத் தொகுப்பை வேகமாகச் சுழலும் எந்திரத்தில் வைத்துச் சுற்றுவார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெளிர் படலமாக வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் இருக்கும். பிறகு ஒவ்வொன்றையும் பக்கத்துப் பைகளுக்குள் தள்ளிப் பிரிப்பார்கள்.

பிரித்த மூன்றுக்கும் மூன்று விதமான ஆயுள். சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 முதல் 42 நாள் வரை வைக்கலாம். பிளாஸ்மாவை உறைய வைத்துவிட்டால் ஒரு வருடம் வரைக்கும், கூடுதல் குளிரில் அதற்கு மேலும் தாங்கும். தட்டணுக்கள்தான் பாடாய்ப் படுத்தும். அவற்றைக் குளிரில் வைத்தால் ஏற்றிய பிறகு உடம்பில் அதிக நேரம் நிலைக்காது. அதனால் 20 முதல் 24 டிகிரியில், இடைவிடாமல் மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும் தட்டுகளில் வைக்கிறார்கள். அப்படியும் ஆயுள் பொதுவாக 5 நாள்தான். அதிலும் முதல் ஒன்றிரண்டு நாள் பரிசோதனையிலேயே போய்விடும்.

இந்த ஐந்து நாள் கணக்கைப் புரிந்துகொண்டால் ரத்த வங்கிக்காரர்கள் ஏன் எப்போதும் கவலையோடு இருக்கிறார்கள் என்பது தெரியும். பெரிய விபத்தோ பேரிடரோ நடந்தால் கொடையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். அன்றைக்கு வாங்கிய தட்டணுக்கள் அடுத்த வாரம் இருக்காது. சிவப்பணுக்கள் இரண்டு மாதம் கழித்து இருக்காது. நீண்ட விடுமுறைகளில் கொடையாளர்கள் வரமாட்டார்கள். நோயாளிகளின் தேவைக்கு விடுமுறை கிடையாது. ஒரே நாளில் ஆயிரம் பேர் வருவதைவிட, அதே ஆயிரம் பேர் வருடம் முழுக்கப் பரவலாக வருவதுதான் அலமாரியைக் காலியாகாமல் வைக்கும். உங்கள் ஊரில் கூட்டம் குறைவாக இருக்கும் மாதம் எது என்று ரத்த வங்கியிலேயே கேளுங்கள். அந்த மாதத்தில் போவது நல்ல காரியம்.

ஒருவர் கொடுக்கும் ரத்தம் மூன்று உயிரைக் காக்கும் என்று பல இடங்களில் எழுதி வைத்திருப்பார்கள். மூன்று பேருக்குப் பயன்படும் கூறுகளைப் பிரிக்கலாம் என்பது சரி. ஆனால் ஒரு பெரியவருக்கு ஒருமுறை ஏற்ற வேண்டிய தட்டணுவுக்கு நான்கு முதல் ஆறு பேர் கொடுத்த ரத்தம் தேவைப்படும். கடுமையான ரத்தப்போக்கில் ஒரே ஆளுக்குப் பத்து பை சிவப்பணுகூடப் போகலாம். ஆக, ஒரு கொடையாளர் மூன்று பேரைக் காப்பாற்றுகிறார் என்பதைவிட, முகம் தெரியாத பலர் சேர்ந்து ஒருவரைக் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் நடப்புக்குப் பொருத்தம். என் ஒருவனால் என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தட்டணுக்களை மட்டும் தனியாகக் கொடுக்கவும் வழி இருக்கிறது. ஒரு எந்திரம் உங்கள் ரத்தத்தை எடுத்து, தட்டணுவைப் பிரித்துக்கொண்டு, மீதியை உங்களுக்கே திருப்பி அனுப்பும். இதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஆனால் ஒரே கொடையாளரிடமிருந்து ஒரு நோயாளிக்கு வேண்டிய முழு அளவும் கிடைத்துவிடும்.

குரூப் என்பது என்ன

1818-இல் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு மனிதரின் ரத்தத்தை இன்னொரு மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் தாய்மார் இறப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் அவர் அந்த வேலையில் இறங்கினார். அவருக்குப் பின்னும் பலர் முயன்றார்கள். சிலர் பிழைத்தார்கள், சிலர் ரத்தம் ஏற்றியதாலேயே இறந்தார்கள். காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

விடையைக் கண்டுபிடித்தவர் வியன்னாவில் வேலை பார்த்த கார்ல் லேண்ட்ஸ்டெய்னர். தன்னுடைய ரத்தத்தையும் சக ஊழியர்களின் ரத்தத்தையும் ஒன்றோடொன்று கலந்து பார்த்தார். சில ஜோடிகள் இயல்பாகக் கலந்தன. சில ஜோடிகளில் அணுக்கள் கட்டிகட்டியாகத் திரண்டன. 1901-இல் அவர் அதை வெளியிட்டார். அதற்காக 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான ஜூன் 14-ஐத்தான் 2004 முதல் உலக ரத்தக் கொடையாளர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அவரும் அவரைத் தொடர்ந்து வந்தவர்களும் கண்டது சுருக்கமாக இது. சிவப்பணுவின் மேற்பரப்பில் ஏ என்ற அடையாளம் இருக்கலாம், பி இருக்கலாம், இரண்டும் இருக்கலாம், இரண்டும் இல்லாமல் இருக்கலாம். முறையே ஏ, பி, ஏபி, ஓ குரூப்கள். உங்களிடம் எந்த அடையாளம் இல்லையோ அதைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம் உங்கள் பிளாஸ்மாவில் இருக்கும். மாற்றி ஏற்றினால் ஏற்றிய அணுக்கள் உடைந்து நொறுங்கும், சிறுநீரகம் செயலிழக்கும், உயிரே போகலாம். 1940-இல் ஆர்எச் என்ற இன்னொரு அடையாளமும் தெரியவந்தது. அது இருந்தால் பாசிட்டிவ், இல்லையென்றால் நெகட்டிவ். ஓ நெகட்டிவ் சிவப்பணுவில் இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாததால், குரூப் பார்க்கக்கூட நேரமில்லாத அவசரத்தில் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். பிளாஸ்மாவில் இந்தக் கணக்கு தலைகீழ்: அங்கே யாருக்கும் கொடுக்கத் தோதானது ஏபி.

"என்னுடையது எல்லோருக்கும் இருக்கும் சாதாரண குரூப்தானே, யாருக்கு வேண்டும்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் இருக்கிறது என்றால் நோயாளிகளிலும் அந்த குரூப்காரர்கள்தான் அதிகம். அலமாரியில் வேகமாகக் காலியாவதும் அதுதான்.

ஆர்எச் விஷயத்தில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. தாய் நெகட்டிவ், வயிற்றில் இருக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால், தாயின் உடம்பு குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கிவிடலாம். ஆபத்து பெரும்பாலும் அடுத்த குழந்தைக்கு வந்து சேரும். அதைத் தடுக்கும் ஊசி மருந்து, குறிப்பிட்ட சில கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்துதான் தயாராகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் அப்படிப்பட்ட ஒரு கொடையாளர். 14 வயதில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தபோது முகம் தெரியாதவர்களின் ரத்தத்தால் பிழைத்தவர். கொடுக்கும் வயது வந்ததும் தொடங்கி, 81 வயதில் 2018-இல் விதிப்படி நிறுத்தும்வரை 1,173 தடவை கொடுத்தார். சுமார் 24 லட்சம் குழந்தைகளுக்கு அது பயன்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் அவருக்கு ஊசி என்றால் பயம். ஊசி குத்தும்போது ஒருமுறைகூட அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

சேமிக்க முடிந்தது எப்படி

குரூப் தெரிந்த பிறகும் ஒரு தடை இருந்தது. வெளியே வந்த ரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். அதனால் கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டியிருந்தது. 1914-இல் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் ஹஸ்டின், அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டே ஆகிய இருவரும் தனித்தனியே சோடியம் சிட்ரேட் என்ற உப்பைக் கலந்து, உறையாத ரத்தத்தை ஏற்றிக் காட்டினார்கள். ரத்தம் உறைய கால்சியம் தேவை; சிட்ரேட் அந்தக் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். இன்றைக்கும் ரத்தப் பையின் அடியில் இருக்கும் கொஞ்சம் தெளிந்த திரவத்தில் சிட்ரேட் இருக்கிறது. 1937-இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபான்டஸ் ஒரு மருத்துவமனையில் ரத்தத்தைச் சேமித்து வைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கி அதற்கு ரத்த வங்கி என்று பெயரிட்டார். யாருக்கென்று தெரியாமலேயே முன்கூட்டிக் கொடுத்து வைக்கும் இன்றைய ரத்ததானம் சாத்தியமானது இந்த இரண்டு ஏற்பாடுகளால்தான்.

முதல்முறை போகிறீர்கள் என்றால்

முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் மயக்கம் வரும் வாய்ப்பு குறையும்.

போனதும் ஒரு படிவம். பிறகு தனியாக உட்கார வைத்து உடல்நலம் பற்றிச் சில கேள்விகள். எடை, நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். சில இடங்களில் அந்தச் சொட்டைச் சிறு எந்திரத்தில் வைப்பார்கள். சில இடங்களில் நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் விடுவார்கள். இதைக் கவனித்துப் பாருங்கள், அழகான சோதனை. ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்தால் ரத்தம் கரைசலைவிடக் கனமாக இருக்கும்; சொட்டு நேராக அடிக்குப் போகும். குறைவாக இருந்தால் நடுவில் தயங்கி நிற்கும், இல்லையென்றால் மேலே வந்துவிடும். பல நாடுகளில் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு, 12.5 கிராம் இருந்தால்தான் எடுப்பார்கள்.

அப்புறம் சாய்ந்து படுக்க வைத்து, மேற்கையில் பட்டையைக் கட்டி, முழங்கையின் உட்பக்கம் மருந்து தடவித் துடைப்பார்கள். அது காயும்வரை காத்திருப்பார்கள். நீங்களும் அந்த இடத்தைத் தொடாதீர்கள். ஊசி வழக்கமான ஊசியைவிடத் தடிமன்தான். மெல்லிய ஊசியில் ரத்தம் மெதுவாக வந்தால் குழாயிலேயே உறையத் தொடங்கும், அணுக்களும் உடையலாம். குத்தும்போது ஒரு சுருக். அதன்பின் பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் வரும் சில மில்லி பல இடங்களில் தனிச் சிறு பைக்குள் போகும். ஊசி நுழைந்த இடத்துத் தோலில் கிருமி ஒட்டியிருந்தால் அது பெரிய பைக்குள் போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பரிசோதனைக்கான ரத்தத்தையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். பெரிய பை ஒரு தராசில் மெல்ல ஆடியபடி நிரம்பும். கையில் கொடுத்த பந்தை அமுக்கி அமுக்கி விட வேண்டும். 350 அல்லது 450 மில்லி, ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் இருந்து, கொடுப்பதைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். சிலருக்கு, குறிப்பாக முதல்முறை கொடுப்பவர்களுக்கும் இளம் வயதினருக்கும், தலைசுற்றல் வரலாம். பதற்றத்தால் நாடியும் ரத்த அழுத்தமும் திடீரென்று இறங்குவதால் வருவது அது. உடனே படுத்துக் காலை உயர்த்திக்கொண்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். தலை சுற்றுகிறது என்றால் வெட்கப்படாமல் ஊழியரிடம் சொல்லுங்கள். நின்றபடி சமாளிக்கப் பார்த்து விழுந்து அடிபடுவதுதான் ஆபத்து. அன்றைக்கு அந்தக் கையால் கனமான எதையும் தூக்க வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

கொடுத்த பிறகு உடம்புக்கு என்ன ஆகும்

போன நீர்ப்பகுதியை உடம்பு ஒன்றிரண்டு நாளில் ஈடுகட்டிவிடும். சிவப்பணுக்கள் திரும்ப நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். ஆக்சிஜன் கொஞ்சம் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து ஒரு ஹார்மோனை அனுப்பும். எலும்பு மஜ்ஜை வேலையை முடுக்கும். இவை யாருடைய முயற்சியும் இல்லாமல் தானாக நடக்கும்.

இரும்புச்சத்து மட்டும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. ஒருமுறை 450 மில்லி கொடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடும். அதை உணவிலிருந்து மீட்க மாதக்கணக்கில் ஆகலாம். இரண்டு கொடைகளுக்கு நடுவே நாட்டுக்கு நாடு இரண்டு முதல் நான்கு மாதம் இடைவெளி விதிப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். மாதவிடாய் உள்ள பெண்களுக்குச் சேமிப்பு இரும்பு ஏற்கெனவே குறைவு. அதனால் பெண்கள் பலர் ஹீமோகுளோபின் போதாது என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். தயவுசெய்து அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோர்வுக்குக் காரணம் தெரியாமல் இருந்த ஒருவருக்கு அன்றைக்கு ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. மருத்துவரைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு திரும்ப வரலாம். அடிக்கடி கொடுப்பவர்களும் இரும்புச்சத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கொடுப்பவருக்கு என்ன நன்மை என்ற கேள்விக்கு இணையத்தில் தாராளமாகப் பதில் கிடைக்கும்: மாரடைப்பு வராது, புற்றுநோய் வராது, எடை குறையும், புது ரத்தம் ஊறும் என்றெல்லாம். இவற்றை நம்பி யாரும் ரத்தம் கொடுக்க வேண்டாம் என்பேன். நம் மஜ்ஜை எப்போதுமே நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு அணுவும் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து அழிகிறது. புது ரத்தம் ஊற யாரும் ரத்தம் கொடுத்தாக வேண்டியதில்லை. கொடையாளர்கள் மற்றவர்களைவிட ஆரோக்கியமாக இருப்பதாகத் தெரிந்தால், ஆரோக்கியமானவர்களை மட்டுமே கொடுக்க அனுமதிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடம்பில் இரும்பு அளவுமீறிச் சேரும் ஹீமோகுரோமடோசிஸ் என்ற மரபுக் கோளாறு போன்ற ஒருசில நோய்கள் உள்ளவர்களுக்கு மட்டும் ரத்தம் எடுப்பதே சிகிச்சை.

மற்றவர்களுக்குக் கிடைப்பது எளிமையானது, ஆனால் உண்மையானது. ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுவார்கள். குரூப் தெரிந்துவிடும். தொற்று ஏதாவது தென்பட்டால் ரகசியமாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். அப்புறம், யாரோ ஒருவர் பிழைக்கத் தன் உடம்பிலிருந்து ஒரு பங்கு போயிருக்கிறது என்ற நிறைவு. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். வருடாவருடம் திரும்பி வரும் கொடையாளர்களை வரவைப்பது பெரும்பாலும் அதுதான். நாளைக்கு நம் வீட்டில் ஒருவருக்குத் தேவை வந்தாலும் கைகொடுக்கப்போவது அதே அலமாரிதான்.

யார் கொடுக்கலாம், யார் காத்திருக்க வேண்டும்

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும். 60 அல்லது 65 வயது வரை கொடுக்கலாம். எடை 45 அல்லது 50 கிலோவுக்குக் குறையக் கூடாது. காய்ச்சல், ஆன்டிபயாடிக் மருந்து, சமீபத்திய அறுவை சிகிச்சை, பச்சை குத்துதல், கர்ப்பம், தாய்ப்பாலூட்டுதல் ஆகியவை இருந்தால் சில காலம் பொறுக்கச் சொல்வார்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கிறது என்பதற்காக நாமே தகுதியில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கட்டுப்பாட்டில் இருந்தால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். போய்க் கேளுங்கள்.

ரத்தம் கொடுப்பதால் எச்ஐவி போன்ற தொற்று உங்களுக்கு வராது. ஊசியும் பையும் புதிதாகப் பிரிக்கப்பட்டு, உங்களுக்கு மட்டும் பயன்பட்டு, ஊசி பிறகு அழிக்கப்படுகிறது.

கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்வது மிக முக்கியம். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோய் என்று எல்லாச் சோதனைகளும் செய்தாலும், தொற்று ஏற்பட்ட முதல் சில நாட்களில் எந்தச் சோதனையிலும் அது தெரியாது. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது கொடையாளரின் நேர்மை மட்டும்தான். எனக்குத் தொற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக ரத்தம் கொடுக்கப் போவது பெரிய தவறு. அதற்கென்று ரகசியம் காக்கும் பரிசோதனை மையங்கள் இருக்கின்றன.

சொந்தக்காரர் ரத்தம்தான் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. மருத்துவம் சொல்வது வேறு. நெருங்கிய ரத்த உறவினரின் வெள்ளையணுக்கள் நோயாளியின் அணுக்களோடு ஒத்துப்போவதால், உடம்பு அவற்றை அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளேயே பெருகி நோயாளியின் உறுப்புகளைத் தாக்கும் அரிதான, ஆனால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் ஒரு சிக்கல் உண்டு. அதனால்தான் உறவினர் ரத்தத்தை ஏற்றுமுன் கதிர்வீச்சு கொடுத்து அந்த அணுக்களைச் செயலிழக்க வைக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் உயிருக்குப் போராடும்போது கொடுக்கச் சொன்னால், தன் உடம்பில் இருக்கும் பிரச்சினையைச் சொல்லி விலகிக்கொள்ள யாருக்கும் மனது வராது. பணத்துக்காகக் கொடுப்பவரும் மறைக்கவே பார்ப்பார். யாருடைய நெருக்கடியும் இல்லாமல், காசு வாங்காமல், தானாக வருபவருக்கு மறைக்க எந்தக் காரணமும் இல்லை. 1975-இலேயே உலக சுகாதாரப் பேரவை காசு வாங்காத தன்னார்வக் கொடையை வளர்க்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. கொடுத்த அடுத்த சில நாட்களில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், அல்லது கேள்வி நேரத்தில் சொல்ல விட்டுப்போன ஏதாவது ஞாபகம் வந்தால், ரத்த வங்கிக்கு உடனே போன் செய்யுங்கள். பையில் எண் எழுதி வைத்திருப்பார்கள். அதை வைத்து உங்கள் ரத்தத்தைத் தேடி எடுத்துத் தனியே வைத்துவிட முடியும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் எதிர்பார்க்கும் அழைப்புதான் அது.